கணிப்பு தவறினால் கட்டணம் யார் தலையில்?

நீண்டகால மின்தேவைக் கணக்கில் கேரளம் பெற்ற படிப்பினைகள்

திருவனந்தபுரம்: 2024ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரத்தில் கேரளத்தின் மின்தேவை, அம்மாநிலம் அதுவரை கண்டிராத உயரத்தைத் தொட்டது. உச்சநேரத் தேவை 5,797 மெகாவாட்டாகப் பதிவானது. ஒருநாள் நுகர்வு 11.5 கோடி யூனிட்டைத் தாண்டியது. முந்தைய ஆண்டு ஏப்ரலில் பதிவான உச்சம் சுமார் 5,000 மெகாவாட் மட்டுமே. ஒரே ஆண்டில் ஏற்பட்ட இந்த உயர்வு, மாநிலத்தின் மிகப்பெரிய நீர்மின் நிலையமான இடுக்கியின் மொத்தத் திறனுக்கு (780 மெகாவாட்) ஏறத்தாழ ஈடானது. சுமை தாங்காமல் மின்மாற்றிகள் பழுதாயின. மாநிலம் முழுவதும் மின்வெட்டை அறிவிக்க அரசு மறுத்துவிட்டது. பாலக்காடு போன்ற பகுதிகளில் மட்டும் இரவுநேரக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன.

இதற்கு நேர்மாறான தவறும் அதே மாநிலத்தின் கணக்கில் நிகழ்ந்திருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் 2011 டிசம்பரில் வெளியிட்ட 18வது மின்சக்தி ஆய்வறிக்கை, 2021-22ல் கேரளத்தின் உச்சநேரத் தேவை 6,000 மெகாவாட்டைத் தாண்டும் என்று கணித்தது. அந்த நிதியாண்டு வந்தபோது உண்மையான தேவை 4,500 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. பத்தாண்டு முன்னோக்கிப் பார்த்தவர்கள் மிகையாகக் கணித்தார்கள். ஓராண்டு முன்னோக்கிப் பார்த்தவர்கள் குறைவாகக் கணித்தார்கள்.

நிபுணர்களிடையிலான புள்ளிவிவரத் தகராறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எந்த ஆறு தடுக்கப்படும், எந்த அனல்மின் நிலையத்துக்கு வங்கிகள் கடன் கொடுக்கும், எத்தனை ஆண்டுகளுக்கு யாரிடம் மின்சாரம் வாங்கப்படும் என்பவை எல்லாம் இந்தக் கணிப்புகளின் மீதே எழுகின்றன. கணிப்பு மிகையானால், ஓடாத நிலையத்துக்கு நிலைக்கட்டணம் செலுத்த வேண்டும். குறைந்தால், சந்தையில் என்ன விலைக்கும் மின்சாரம் வாங்க வேண்டும். எப்படியானாலும் தொகை வந்து சேருமிடம் நுகர்வோரின் கட்டணச் சீட்டுதான்.

நூறு இடுக்கிகளின் இடைவெளி

அகில இந்திய அளவிலும் இதுவே நிலை. 18வது ஆய்வறிக்கை 2021-22க்கு 2,83,470 மெகாவாட் உச்சநேரத் தேவையைக் கணித்தது. 2017 ஜனவரியில் வந்த 19வது அறிக்கை அதே ஆண்டுக்கான மதிப்பீட்டை 2,25,751 மெகாவாட்டாகக் குறைத்தது. உண்மையில் பதிவானது 2,03,014 மெகாவாட். முதல் கணிப்புக்கும் நடப்புக்கும் இடையே 80,000 மெகாவாட் வேறுபாடு. இடுக்கி அளவிலான நிலையங்கள் நூறுக்கு இது சமம்.

வேறுபாடு காகிதத்தோடு நின்றிருந்தால் கவலையில்லை. வேகமான தொழில் வளர்ச்சி வரப்போகிறது என்ற நம்பிக்கையில் தனியார் அனல்மின் நிலையங்கள் நாடெங்கும் எழுப்பப்பட்டன. எரிசக்திக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2018 மார்ச்சில் அளித்த அறிக்கை, ஏறத்தாழ 40,000 மெகாவாட் திறனுள்ள 34 அனல்மின் திட்டங்கள் நெருக்கடியில் இருப்பதாகப் பட்டியலிட்டது. நிலக்கரித் தட்டுப்பாடு, கட்டுமானத் தாமதம் ஆகியவற்றோடு, மின்சாரத்தை வாங்குவதற்கு ஒப்பந்தம் இல்லாததும் முக்கியக் காரணமாக இருந்தது. எதிர்பார்த்த தேவை வராததால் மின்வாரியங்கள் புதிய ஒப்பந்தங்களில் கையெழுத்திடத் தயங்கின. வாராக் கடனாக மாறியதில் பெரும்பகுதி பொதுத்துறை வங்கிகளின் பணம்.

நீண்டகாலக் கணிப்பில் சிறு பிழையும் எவ்வளவு பெருகும் என்பதற்கு எளிய கணக்கு போதும். 5,000 மெகாவாட் தேவை ஆண்டுக்கு 4 விழுக்காடு வளர்ந்தால் 20 ஆண்டுகளில் சுமார் 11,000 மெகாவாட்டாகும். 6 விழுக்காடு வளர்ந்தால் 16,000 மெகாவாட்டாகும். தொடக்கத்தில் அற்பமாகத் தோன்றும் 2 விழுக்காடு, முடிவில் ஆறு இடுக்கிகளுக்கும் மேலான வேறுபாடாக வந்து நிற்கிறது. அந்த 2 விழுக்காட்டை எந்த அடிப்படையில் கூட்டுவது, எந்த அடிப்படையில் கழிப்பது என்பதில்தான் பிரச்சனையே இருக்கிறது.

சைலன்ட் வேலி முதல் காயங்குளம் வரை

இந்தக் கேள்வி மக்கள் மன்றத்துக்கு வந்த முதல் மாநிலங்களில் கேரளமும் ஒன்று. 1970களில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே சைலன்ட் வேலி நீர்மின் திட்டம் முன்வைக்கப்பட்டது. முதற்கட்டத் திறன் 120 மெகாவாட். காட்டைக் காப்பதா, வளர்ச்சியை ஏற்பதா என்ற வடிவில்தான் விவாதம் நாடெங்கும் அறியப்பட்டது. ஆனால் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1979ல் வெளியிட்ட ஆய்வு, காட்டின் சிறப்பை மட்டும் பேசவில்லை. தாவரவியலாளர், மின்பொறியாளர், அணுசக்திப் பொறியாளர், வேளாண் அறிஞர், பொருளாதார அறிஞர் ஆகியோர் சேர்ந்து எழுதிய அந்த ஆய்வு, மின்தேவைக் கணக்கையே பரிசீலித்தது. இந்தத் திட்டம் வராவிட்டால் கேரளம் இருண்டுவிடும் என்ற வாதம் நிற்குமா, மலபாரின் தேவையை வேறு வழிகளில் நிறைவேற்ற முடியாதா என்று அது கேட்டது. திட்டம் 1983ல் கைவிடப்பட்டது. 1984ல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

எனினும் தேவை பற்றிய எச்சரிக்கை முழுவதும் பொய்யாகவில்லை. 1976ல் இடுக்கி இயங்கத் தொடங்கிய பின் அண்டை மாநிலங்களுக்கு மின்சாரம் விற்ற கேரளம், 1980களின் தொடக்கத்தில் மழை பொய்த்தபோது பற்றாக்குறை மாநிலமாயிற்று. நீரை மட்டும் நம்பிய மின்னமைப்பு பருவமழையின் தயவில் இருந்தது. 1990களில் கடும் மின்வெட்டு வந்தது. அந்த நெருக்கடியின் அவசரத்தில் விரைவாகக் கட்டக்கூடிய நிலையங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பிரம்மபுரத்திலும் கோழிக்கோட்டிலும் டீசல் நிலையங்கள் வந்தன. காயங்குளத்தில் தேசிய அனல்மின் கழகத்தின் 360 மெகாவாட் நாப்தா நிலையம் எழுந்தது.

நாப்தா விலை ஏறியதும் காயங்குளத்து மின்சாரம் கட்டுப்படியாகவில்லை. மின்சாரம் வாங்காத ஆண்டுகளிலும், ஒப்பந்தப்படி மின்வாரியம் நிலைக்கட்டணம் செலுத்த நேர்ந்தது. எத்தனை மெகாவாட் வேண்டும் என்ற கேள்விக்கு ஒருவாறு விடை கண்டவர்கள், எந்த விலையில், ஆண்டின் எந்த மாதங்களில், எத்தனை மணி நேரத்துக்கு வேண்டும் என்று கேட்கத் தவறியதன் விளைவு இது.

நுகர்வு வேறு, தேவை வேறு

கணிப்பின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கிய ஆய்வு ஒன்றும் திருவனந்தபுரத்திலிருந்தே வந்தது. இங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் பொருளாதார அறிஞர் என்.விஜயமோகனன் பிள்ளை 2001ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே, மின்தேவைக் கணிப்பின் மரபு கேள்விக்குள்ளாக்கப்படுகிறது என்ற அறிவிப்பு இருந்தது. வருமானம் உயர்ந்தால் தேவை இவ்வளவு கூடும், விலை உயர்ந்தால் இவ்வளவு குறையும் என்ற சூத்திரம் மேலைநாடுகளின் அனுபவத்தில் உருவானது. கேட்டவுடன் மின்சாரம் கிடைக்கும் நாட்டில் அது பொருந்தலாம். மின்வெட்டும், இணைப்புக்கான காத்திருப்புப் பட்டியலும் உள்ள வளரும் நாட்டில் பதிவேட்டில் இருப்பது தேவையின் அளவன்று. கிடைத்ததன் அளவு மட்டுமே.

தமிழக வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008 முதல் 2015 வரை தமிழகத்தில் மின்தடையும் தொழிற்சாலைகளுக்கான கட்டுப்பாடும் நீடித்தன. 2012ல் பல மாவட்டங்களில் நாளின் பாதிக்கும் மேல் மின்சாரம் இல்லை. கோவையின் சிறுதொழிற்கூடங்கள் ஜெனரேட்டர்களை நம்பி ஓடின. அந்த ஆண்டுகளின் மின்நுகர்வுப் பதிவை மட்டும் எடுத்து வரைகோட்டை நீட்டினால், கோவைக்கு மின்தேவை குறைந்துவிட்டது என்றே கணினி சொல்லும். டீசலில் எரிந்த பணமும் மூடிக்கிடந்த பட்டறைகளும் அந்தக் கோட்டில் தெரிய மாட்டா.

விவசாயத் துறையில் சிக்கல் இன்னும் ஆழமானது. தமிழகத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளுக்கு இலவச மின்சாரம் வழங்கப்படுகிறது. மிகப் பல இணைப்புகளில் மீட்டர் இல்லாத நிலையே நெடுங்காலம் நீடித்தது. மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து மதிப்பிடப்படும் எண்தான் விவசாய நுகர்வு என்று ஏட்டில் ஏறுகிறது. மின்பாதையில் ஏற்படும் இழப்பின் ஒரு பகுதியும் அதற்குள் மறைந்துவிட வாய்ப்புண்டு. இன்றைய அளவே மதிப்பீடு என்னும்போது, 20 ஆண்டுகளுக்குப் பிந்தைய அளவு மதிப்பீட்டின் மீது எழுப்பப்பட்ட மதிப்பீடாகிறது.

எதற்காக மின்சாரம்?

இதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டதே இறுதிப் பயன்பாட்டு முறை. மொத்த நுகர்வின் போக்கை நீட்டாமல், வீடு, வணிகம், தொழில், வேளாண்மை, போக்குவரத்து எனத் துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மின்சாரம் எந்தப் பணிக்குச் செலவாகிறது என்று எண்ணுவது இதன் வழி. எத்தனை வீடுகள், அவற்றில் எத்தனை மின்விசிறிகள், ஒவ்வொன்றும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று கணக்கு கீழிருந்து மேலே செல்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையும் வளரும் நாடுகளுக்காக இவ்வகைக் கணிப்பு முறையொன்றைப் பரப்பியிருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் ஆய்வறிக்கைகளும் பகுதியளவில் இம்முறையைக் கையாள்கின்றன.

இம்முறைக்கு அரசியல் கூர்மை தந்தவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் அமுல்யா ரெட்டி. 2000ஆம் ஆண்டு வரையிலான கர்நாடகத்தின் மின்தேவையை 1987ல் அரசுக் குழு ஒன்று கணித்தது. ரெட்டியும் சக ஆய்வாளர்களும் அதே காலத்துக்கு மாற்றுத் திட்டம் ஒன்றைத் தயாரித்தார்கள். எல்லா வீடுகளுக்கும் மின்இணைப்பு என்ற இலக்கையும் சேர்த்துக்கொண்ட பிறகும், சிக்கனமான கருவிகளையும் மாற்று எரிபொருள்களையும் பயன்படுத்தினால் அரசுக் குழு கணித்த மின்சாரத்தில் பாதிக்கும் குறைவானதே போதும் என்று அவர்களது கணக்கு காட்டியது. மக்களுக்கு வேண்டியது யூனிட்டுகள் அல்ல, வெளிச்சமும் தண்ணீரும் வேலையும்தான் என்பதே அவர்கள் நிலைப்பாடு.

கேரளத்தில் இந்த வாதத்துக்கு நடைமுறைச் சான்று கிடைத்தது. மாலை 6 மணி முதல் 10 மணி வரை வீடுகளில் விளக்குகள் எரியும் நேரமே மாநிலத்தின் உச்சநேரமாக நெடுங்காலம் இருந்தது. மொத்த நுகர்வில் ஏறத்தாழ பாதி வீடுகளுக்கே செல்லும் மாநிலம் இது. ஒரு கோடி 60 வாட் குண்டு பல்புகள் ஒரே நேரத்தில் எரிந்தால் 600 மெகாவாட் தேவை. அவற்றுக்குப் பதிலாக 14 வாட் சிஎஃப்எல் விளக்குகள் எரிந்தால் 140 மெகாவாட் போதும். 2010ல் மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் மின்வாரியம் வீடுதோறும் இரண்டு குண்டு பல்புகளைப் பெற்றுக்கொண்டு இரண்டு சிஎஃப்எல் விளக்குகளைக் குறைந்த விலையில் வழங்கியது. இவ்வாறு ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாற்றப்பட்டன. பின்னர் எல்இடி விளக்குகள் வந்தன. 2011ல் கணிக்கப்பட்ட 6,000 மெகாவாட் குறித்த காலத்தில் வராமல் போனதற்கு, தொழில் வளர்ச்சி மந்தமானதும் கொரோனா காலமும் மட்டுமே காரணமாகிவிடாது. எடுத்து நீட்டப்பட்ட பழைய போக்குக்குள் இந்த விளக்குகள் இல்லை.

அடுத்து வந்த மாற்றமும் பழைய போக்கில் இல்லை. அது எதிர்த்திசையில் வந்தது. கோடை வெப்பமும் வெளிநாட்டு வருவாயும் நடுத்தர வீடுகளுக்குள் ஏசி இயந்திரங்களைக் கொண்டுவந்தன. ஒன்றரை கிலோவாட் ஏசிகள் ஒரு லட்சம் ஒரே நேரத்தில் ஓடினால் 150 மெகாவாட் வேண்டும். பல்லாண்டுப் போராட்டங்களுக்குப் பிறகு 2021ல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்தின் மொத்தத் திறனே 163 மெகாவாட்தான். அதே ஒரு லட்சம் ஏசிகளும் ஒரு கிலோவாட்டில் இயங்கும் சிக்கன வகையாக இருந்தால் 50 மெகாவாட் மிச்சம். ஒரு நதியின் தலையெழுத்து, கடைகளில் எந்த வகை ஏசி விற்கிறது என்பதோடும் பிணைந்திருக்கிறது.

465 மெகாவாட் வழக்கு

கேரளம் தனது தேவையில் சுமார் 30 விழுக்காட்டையே சொந்தமாக உற்பத்தி செய்கிறது. எஞ்சியதை வெளியிலிருந்து வாங்குகிறது. கூடங்குளத்திலிருந்து கொச்சிக்கு 2019ல் முடிக்கப்பட்ட 400 கிலோவோல்ட் பாதையும், புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2021ல் திறக்கப்பட்ட 2,000 மெகாவாட் நேர்மின் பாதையும் தமிழகம் வழியாக வரும் உயிர்நாடிகள். ஆகவே கேரளத்தில் மின்தேவைக் கணிப்பு என்பது எத்தனை நிலையம் கட்டுவது என்பதைவிட, எத்தனை மெகாவாட்டுக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம் போடுவது என்பதே.

2014ல் மின்வாரியம் பல தனியார் நிறுவனங்களோடு 25 ஆண்டுகளுக்கான ஒப்பந்தங்களைச் செய்தது. ஏல நடைமுறைகள் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளிலிருந்து விலகியிருந்தன என்று எழுந்த ஆட்சேபத்தால், அவற்றில் 465 மெகாவாட்டுக்கான ஒப்பந்தங்கள் இறுதி ஒப்புதல் இல்லாமலே நீடித்தன. 2023 மே மாதம் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அவற்றை நிராகரித்தது. யூனிட் நாலேகால் ரூபாயை ஒட்டிய விலையில் வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. அந்த ஆண்டு பருவமழையும் ஏமாற்றியது. மாலைநேரங்களில் விலை 10 ரூபாய் உச்சவரம்பைத் தொட்டுநின்ற மின்சந்தையில் வாரியம் மின்சாரம் வாங்க வேண்டியதாயிற்று. அரசின் கொள்கை உத்தரவுக்குப் பின் 2023 டிசம்பரில் ஆணையம் ஒப்பந்தங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2024 ஜூலையில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

நடைமுறை மீறலைச் சுட்டிக்காட்டியது ஆணையத்தின் கடமை. மலிவான மின்சாரத்தை இழக்கக்கூடாது என்ற அரசின் கவலையும் நியாயமானது. ஆனால் எட்டாண்டுகளுக்கும் மேலாகத் தீர்வு காணப்படாத ஒப்பந்தம் ஒன்றின் மீது மாநிலத்தின் அன்றாட மின்வழங்கல் நின்றிருந்தது என்பதை இரு தரப்பும் மறுக்க முடியாது. ஒப்பந்தங்கள் நிராகரிக்கப்பட்ட மறு ஆண்டிலேயே தேவை 700 மெகாவாட் தாவியது.

எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும்

இனி வரும் கணிப்புகளுக்கு மற்றொரு கடினமும் சேர்ந்திருக்கிறது. கேரளத்தில் வீட்டுக்கூரை சூரிய மின்சாரத்தின் திறன் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நண்பகலில் இந்த மின்சாரம் பெருகுகிறது, இரவில் இல்லை. உச்சநேரமோ, ஏசிகளாலும் வீட்டில் சார்ஜ் ஏற்றப்படும் மின்வாகனங்களாலும் நள்ளிரவை நோக்கி நகர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு இத்தனை கோடி யூனிட் என்ற ஒற்றை எண் இந்த நிலையை விளக்காது. மதிய மின்சாரத்தை இரவுக்குக் கொண்டுசெல்லும் மின்கல நிலையங்களும், நீரேற்று நீர்மின் நிலையங்களும் எவ்வளவு வேண்டும் என்பது மணிவாரியான கணிப்பைக் கோருகிறது.

மின்வாகனம் துறைகளுக்கிடையிலான வேலியையும் உடைத்துவிட்டது. பெட்ரோல் கணக்கில் இருந்த தேவை மின்சாரக் கணக்குக்கு மாறுகிறது. சமையல் எரிவாயுவின் ஒரு பங்கு மின்னடுப்புக்கு மாறுகிறது. 2040க்குள் முழுவதும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறுவது என்றும் 2050க்குள் கார்பன் சமநிலையை எட்டுவது என்றும் கேரள அரசு அறிவித்துள்ள இலக்குகளை, மின்துறை மட்டும் தனித்து உட்கார்ந்து திட்டமிட முடியாது. போக்குவரத்துத் துறையும் கட்டட விதிகளை எழுதும் உள்ளாட்சித் துறையும் அதே மேசையில் அமர வேண்டும். உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளை 2013ல் வெளியிட்ட கேரள எரிசக்தி அறிக்கை, 2050 வரையிலான தேவையைத் துறைவாரியாகப் பிரித்துக் கணக்கிட்டு இந்த வழியில் ஒரு தொடக்கத்தைச் செய்தது.

தில்லியிலும் அணுகுமுறை மாறத் தொடங்கியுள்ளது. 2006ல் திட்டக்குழுவின் ஒருங்கிணைந்த எரிசக்திக் கொள்கை, 8 விழுக்காடு பொருளாதார வளர்ச்சியை அடிப்படையாகக் கொண்டு 2031-32ல் ஏறத்தாழ 8 லட்சம் மெகாவாட் உற்பத்தித் திறன் வேண்டும் என்றது. நாட்டின் நிறுவுதிறன் 2025 செப்டம்பரில்தான் 5 லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. அதிலும் கணிசமான பங்கு, வெயிலும் காற்றும் உள்ளபோது மட்டும் இயங்கும் நிலையங்கள். 2022 நவம்பரில் வந்த 20வது ஆய்வறிக்கை, 2031-32க்கான உச்சநேரத் தேவையை 3,66,393 மெகாவாட்டாக மதிப்பிட்டுள்ளது. 2023 ஜூனில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒவ்வொரு மின்விநியோக நிறுவனமும் பத்தாண்டுத் தேவையையும் அதை நிறைவேற்றும் வழியையும் திட்டமாக வகுத்து, ஆண்டுதோறும் புதுப்பித்து, ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

இந்த நெறிகள் பயன்தர வேண்டுமானால் எண்ணை மட்டும் வெளியிட்டால் போதாது. எண்ணுக்குப் பின்னால் உள்ள அனுமானங்களும் வெளியே வர வேண்டும். எத்தனை ஏசிகள், எத்தனை மின்வாகனங்கள், எந்தத் தொழில்கள், எவ்வளவு மழை என்று கொண்டு கணித்தார்கள் என்பதைக் கட்டண விசாரணையில் நிற்கும் சாதாரண நுகர்வோரும் கேட்க முடிய வேண்டும். முந்தைய கணிப்பு எவ்வளவு தவறியது, ஏன் தவறியது என்ற கணக்கும் ஆண்டுதோறும் உடன் வைக்கப்பட வேண்டும். மிகைக் கணிப்பால் ஆதாயம் பெறுவோர் ஒப்பந்தக்காரர்களிலும் இயந்திர விற்பனையாளர்களிலும் உண்டு. குறைத்துக் கணித்துச் செலவைத் தள்ளிப்போட விரும்புவோர் நிதித்துறைகளில் உண்டு. இரு தவறுக்கும் பணம் கட்டுகிற நுகர்வோருக்கு, கணிப்பு தயாராகும் இடத்தில் இன்னும் நாற்காலி போடப்படவில்லை. சைலன்ட் வேலி விவாதத்தில் அந்த நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்களைக் கண்ட மாநிலம் கேரளம். பத்தாண்டுத் திட்டங்கள் ஒப்புதலுக்கு வரும் இக்காலத்தில், தமிழகம் உள்ளிட்ட பிற மாநிலங்களுக்கும் அந்த அனுபவம் பயன்படக்கூடியது.